லிபர்டேரியனைத் தாராளவாதி ஆக்காதீர்கள்

அமெரிக்க இணையச் சட்டங்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இப்படி ஒரு வரி: 'இணையச் சமநிலை விதிகளைத் தாராளவாதிகள் வரவேற்றனர், ஆனால் தாராளவாதிகள் அவற்றைக் கடுமையாக எதிர்த்தனர்.' (எல்லா இணையதளங்களையும் இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பவைதான் அந்த விதிகள்.) அச்சுப்பிழை ஏதும் இல்லை. மூலத்தில் முதலில் நின்றது லிபரல், அடுத்து நின்றது லிபர்டேரியன். இன்றைய அமெரிக்காவில் முன்னவன் அரசு தலையிட வேண்டும் என்பவன், பின்னவன் அரசு ஒதுங்க வேண்டும் என்பவன். மொழிபெயர்ப்பாளர் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு நகர்ந்துவிட்டார். இதே கூத்தை வேறு வேறு இடங்களில் பல முறை படித்தாயிற்று. பொறுமை போய்விட்டது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் லிபேர் என்றால் அடிமை அல்லாதவன். அதிலிருந்து வந்த லிபராலிஸ், அப்படிப்பட்டவனுக்குத் தகுந்தது என்று பொருள்பட்டது. கொடுப்பது அவனுக்கு அழகு என்பதால் கொடைக்குணம் என்ற பொருளும் அதில் ஏறிக்கொண்டது. லிபரல் என்பது அரசியல் அணியின் பெயரானது ஸ்பெயினில், 1812இல் காடிஸ் நகரில் அரசியல் சட்டம் இயற்றியவர்களின் காலத்தில். லிபர்டேரியன் வேறு வழியில் வந்தது. ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது வெறும் தத்துவச் சொல்: எல்லாம் முன்பே விதிக்கப்பட்டவை அல்ல, மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டு என்பவன். அரசியலுக்குள் அதை இழுத்து வந்தவர் ழோசெப் தெழாக் என்ற பிரெஞ்சு அராஜகவாதி, அதாவது அரசே வேண்டாம் என்பவர். 1857இல் இன்னொரு அராஜகச் சிந்தனையாளரான புரூதோனுக்கு எழுதிய கடிதத்தில் லிபெர்த்தேர் என்ற சொல்லை அவர் படைத்தார். பருத்திக்கும் மெழுகுவர்த்திக்கும் தடையற்ற வணிகம் கேட்கும் நீங்கள், பெண்ணிடமிருந்து ஆணைக் காக்க மட்டும் வேலி கேட்கிறீர்கள். ஆகவே நீங்கள் லிபரல், லிபெர்த்தேர் அல்ல என்று புரூதோனைச் சாடினார். பிறந்த நாளிலேயே லிபரலுக்கு எதிர்ப்பக்கம் நின்ற சொல் இது. அதைத்தான் நாம் லிபரலோடு ஒரே பாயில் படுக்கவைக்கிறோம்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் வேடிக்கை. 1930களில் ரூஸ்வெல்ட்டின் ஆட்சியில், அரசு இறங்கி வேலை கொடுக்க வேண்டும், வங்கியைக் கண்காணிக்க வேண்டும் என்ற அணி லிபரல் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. அரசு ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற பழைய லிபரல்கள் பெயரில்லாமல் நின்றார்கள். 1955இல் டீன் ரஸ்ஸல் என்பவர், நாம் லிபர்டேரியன் என்ற பெயரை வைத்துக்கொள்ளலாமே என்று எழுதினார். பெயர் ஒட்டிக்கொண்டது. பொருளியலாளர் ஹாயெக்குக்கு மட்டும் அது பிடிக்கவில்லை; செயற்கையான சொல் என்று முகம் சுளித்தார்.

இனி 'தாராளவாதி'. தாராளம் என்றால் தமிழனுக்கு என்ன தோன்றும்? தாராளக் கை, தாராள மனம், 'தாராளமாகச் சாப்பிடுங்கள்'. லத்தீனின் கொடைக்குணக் கிளையைப் பிடித்துக்கொண்டு உருவான சொல் அது. லிபரலுக்கே அது அரைகுறைப் பொருத்தம்தான். 1991க்குப் பிறகு 'தாராளமயம்' நாளிதழ்களில் நிலைத்துவிட்டதால் அதை இனி அசைக்க முடியாது. இலங்கைப் பாடநூல்களின் 'தாராண்மைவாதம்' காதுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. ஆனால் அதுவும் லிபரலுக்கு உரியது. லிபர்டேரியனோ அரசு எதிலும் தாராளமாக இருக்கக் கூடாது என்பவன். மானியம் வேண்டாம், இலவசம் வேண்டாம், வரியைக் குறை, கஜானாவை மூடு என்கிறான். அரசின் கையைக் கட்டிப்போடச் சொல்பவனுக்குத் தாராளவாதி என்று பெயர் சூட்டுவது, கள்ளுக்கடை மறியலுக்குப் போனவரைக் குடிமகன் என்று அழைப்பது போலத்தான்.

சொல் தப்பினால் செய்தியே தலைகீழாகிவிடும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஒரு சட்டம் போதும். 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஏபி5 என்று பெயர். செயலி வழியாகக் கார் ஓட்டுபவர்களை 'ஒப்பந்தக்காரர்' என்று சொல்லி நிறுவனங்கள் தட்டிக்கழிக்கக் கூடாது, ஊழியராகவே நடத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். குறைந்தபட்சக் கூலி, விபத்து இழப்பீடு எல்லாம் அதன் வழியே கிடைக்கும் என்பது கணக்கு. லிபரல்கள் ஆதரித்தார்கள். நோக்கத்தில் எனக்கும் குறை இல்லை. ஆனால் அதே வலை பகுதிநேர எழுத்தாளர்களையும் வாரிக்கொண்டது. ஒருவர் ஓர் இதழுக்கு ஆண்டுக்கு 35 கட்டுரைக்கு மேல் கொடுத்தால் அவரை ஊழியராகக் கருத வேண்டும் என்று விதி. வாரம் ஒரு பத்தி எழுதுபவர் செப்டம்பரிலேயே தொழிலை நிறுத்திக்கொள்ள வேண்டும்! 36ஆவது கட்டுரைக்காக யார் ஊழியர் ஆக்குவார்கள்? கலிபோர்னியா எழுத்தாளரே வேண்டாம் என்று சில இதழ்கள் ஒதுங்கின. லிபர்டேரியன்களுக்கு இது கையில் கிடைத்த கரும்பு. எழுதுபவனும் கேட்பவனும் மனமொத்துப் பேசிக்கொண்ட பிறகு மூன்றாவதாக அரசு எதற்கு என்றார்கள். அந்த வரம்பை 2020 செப்டம்பரிலேயே திருத்தி நீக்க வேண்டிவந்தது. ஓட்டுநர் விஷயத்தில் அவர்களின் வாதம் எனக்கு உடன்பாடில்லை. பசியோடு நிற்பவனும் நிறுவனமும் போடும் ஒப்பந்தத்தில் 'மனமொத்து' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கும்? அது தனிச் சண்டை. இந்தக் கதையில் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் தாராளவாதி, எதிர்த்தவரும் தாராளவாதி என்று எழுதினால் படிப்பவருக்கு என்ன விளங்கும்?

கணினித் துறையைப் பற்றி எழுதும்போது லிபர்டேரியன் என்ற சொல்லைத் தவிர்க்கவே முடியாது. 1996 பிப்ரவரி 8ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் டாவோஸில் இருந்துகொண்டு இணைய உரிமைப் போராளி ஜான் பெர்ரி பார்லோ இணையவெளிக்குச் சுதந்திரப் பிரகடனம் எழுதினார். தொழில்யுகத்தின் அரசுகளே, உங்களுக்கு இங்கே வேலை இல்லை என்பது அதன் சாரம். அன்றுதான் கிளின்டன் புதிய தொலைத்தொடர்புச் சட்டத்தில் கையெழுத்திட்டிருந்தார்; இணையத்தில் 'ஆபாசப்' பேச்சைத் தண்டிக்கும் பிரிவு அதில் இருந்தது. மறு ஆண்டே அந்தப் பிரிவின் முக்கியப் பகுதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பார்லோவின் பிரகடனம் ஓடித் திரிந்த வலைப்பின்னலே அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் 1969இல் முளைத்தது என்பதை மட்டும் அவர் வசதியாக மறந்துவிட்டார்.

அரசு மீது லிபர்டேரியன்களுக்கு இருந்த சந்தேகம் வெறும் பிடிவாதம் அல்ல என்பதற்கும் அதே காலத்தில் சான்று உண்டு. ஃபில் ஸிம்மர்மன் 1991இல் பிஜிபி என்ற மறையாக்க மென்பொருளை, அதாவது செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் நிரலை வெளியிட்டார். அது நாட்டை விட்டு வெளியே பரவியது. வலுவான மறையாக்கம் அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் ஆயுத வகை. ஆயுதத்தை அனுமதியின்றி ஏற்றுமதி செய்தாரா என்று 1993இல் விசாரணை தொடங்கியது. அவர் தரப்பு என்ன செய்தது தெரியுமா? நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சடித்தது. எம்ஐடி பதிப்பகம் 1995இல் வெளியிட்டது. வட்டில் இருந்தால் ஆயுதம், காகிதத்தில் இருந்தால் பேச்சுரிமை. கடல் கடந்து போன புத்தகத்தை ஸ்கேன் செய்து எவரும் மறுபடி மென்பொருளாக்கிக்கொள்ளலாம். 1996 ஜனவரியில் வழக்குப் போடாமலே விசாரணையைக் கைவிட்டார்கள். ஸிம்மர்மன் அணு ஆயுத எதிர்ப்பு இயக்கத்திலிருந்து வந்தவர். லிபர்டேரியன் முத்திரை அவர் நெற்றியில் இல்லை. ஆனால் அரசு ஏன் விலகி நிற்க வேண்டும் என்று கேட்டால் அந்த அணியினர் இன்றும் முதலில் எடுத்துவைப்பது இந்தக் கதையைத்தான்.

சரி, தாராளவாதி இல்லையென்றால் வேறு என்ன? 'சுதந்திரவாதி' என்பார்கள் சிலர். கேட்டவுடன் கதர்ச் சட்டையும் சிறைக்கம்பியும் கண்முன் வரும். தியாகி ஓய்வூதியத்துக்கு மனுப் போடும் பெரியவர் போலத் தொனிக்கிறது. ஆனாலும் அந்தச் சொல்லுக்கு ஒரு நல்ல சாட்சி உண்டு; அதை மறைப்பது நேர்மையல்ல. 1959இல் ராஜாஜி தொடங்கிய கட்சியின் பெயர் சுதந்திரா. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அவர் எதைத் திட்டினாரோ அதைத்தான் அமெரிக்க லிபர்டேரியனும் திட்டுகிறான். அப்படியானால் ராஜாஜி லிபர்டேரியனா? 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர் அவர். பெரியவன் ஒருவன் தன் காசில் தன் வாயில் எதை ஊற்றிக்கொள்கிறான் என்று அரசு பார்க்கக் கூடாது என்பது லிபர்டேரியனின் அரிச்சுவடி. சந்தையில் சுதந்திரம், கள்ளில் தடை என்பது பழமைவாதியின் கலவை. ஆக, சாட்சி பாதியிலேயே பிறழ்ந்துவிடுகிறது.

'விடுதலைவாதி' இன்னும் மோசம். விடுதலை என்றாலே எதிலிருந்தோ மீள்வது. நாட்டு விடுதலை, பெண் விடுதலை, சிறையிலிருந்து விடுதலை. நம் காதில் அது திரண்டு எழும் கூட்டத்தின் சொல். லிபர்டேரியன் தனியாள், கூட்டம் என்றாலே ஒவ்வாமை. 'சுயேச்சைவாதி' பொருளில் மிக நெருங்கி வருகிறது, தன் இச்சை என்பதுதானே? ஆனால் தேர்தல் ஆணையம் அந்தச் சொல்லைக் குத்தகைக்கு எடுத்துவிட்டது. டெபாசிட் இழந்த வேட்பாளர்தான் நினைவுக்கு வருவார்.

கணினித் தமிழ் வட்டத்தில் ஒரு நண்பர் 'கட்டற்றவாதி' என்றார். ஃப்ரீ சாஃப்ட்வேருக்குக் கட்டற்ற மென்பொருள் (எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் மென்பொருள்) என்ற அருமையான ஆக்கம் நம்மிடம் இருப்பதால் வந்த ஆசை. ஆசை சரி, ஆள் மாறிவிட்டது. கட்டற்ற மென்பொருளுக்குக் கொடி பிடித்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். 1983 முதல் பிடித்துக்கொண்டிருக்கிறார். அவர் நலத்திட்ட அரசை ஆதரிப்பவர், பெருநிறுவனங்களுக்கு அரசு மூக்கணாங்கயிறு போட வேண்டும் என்பவர். 1998இல் அதே வகை மென்பொருளுக்குத் திறமூலம் (ஓப்பன் சோர்ஸ்) என்ற புதுப்பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்ற எரிக் ரேமண்டோ தம்மை வெளிப்படையாக லிபர்டேரியன் என்று சொல்லிக்கொள்பவர். கட்டற்றவாதி என்றால் ஸ்டால்மனின் கொடியைப் பிடுங்கி ரேமண்டின் கையில் கொடுத்தது போல ஆகும். இருவருமே சண்டைக்கு வருவார்கள்.

நான் எடுப்பது 'தன்னுரிமைவாதி'. உன் உடல், உன் உழைப்பு, உன் பொருள், உன் பேச்சு இவற்றுக்கு நீயே உரியவன் என்பதுதான் அந்தக் கொள்கையின் அச்சாணி. மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைப்பது. தன் + உரிமை என்பதில் அது நேராக உட்காருகிறது. ஒரே தடை, தேசிய இனங்களின் சுயநிர்ணயத்துக்கும் தன்னுரிமை என்று எழுதுபவர்கள் உண்டு. அங்கே எப்போதும் 'தேசிய இனத்தின்' என்ற முன்னொட்டு கூடவே வரும், குழப்பம் நேராது. 'வாதம்' வடசொல், மூட்டுவலியை நினைவூட்டுகிறது என்று தனித்தமிழ் அன்பர்கள் 'தன்னுரிமையியம்' கேட்பார்கள். வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பார்க்கட்டும், பிறகு பேசலாம். தன்னுரிமைவாதி பழகும்வரை லிபர்டேரியன் என்றே தமிழெழுத்தில் போடுவதிலும் குற்றமில்லை. தெரியாத சொல்லைக் கண்டால் வாசகர் தேடுவார். தெரிந்த சொல்லுக்குள் தப்பான பொருளை ஒளித்தால் தேடவே மாட்டார்.

இந்த மொழிபெயர்ப்பாளர்கள் ரெகுலேஷனைப் படுத்தும் பாட்டையும் சொல்லாமல் விட முடியாது. நம் ஆணையங்களின் பெயர்ப்பலகையில் அது 'ஒழுங்குமுறை'. ஒழுங்கு நல்ல சொல். பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்கு அதன் மேல் மரியாதை. எனவே 'அவர் ஒழுங்குமுறையை எதிர்க்கிறார்' என்றால் அந்த ஆள் போக்கிரி என்று தோன்றும். விதிகளைத் தளர்த்தும் டிரெகுலேஷனை 'ஒழுங்குநீக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஊரில் கலவரத்துக்கு அனுமதி கொடுத்தது போல இருந்தது. 'கட்டுப்பாடு' என்று போட்டால் நேர் எதிர். அரசு விலங்கு மாட்டுகிறது, எதிர்ப்பவன் வீரன். அதே கட்டுப்பாடு அண்ணாவின் கடமை, கண்ணியம் என்ற வரிசையில் வந்தால் நற்பண்பு ஆகிவிடும்! ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே மொழிபெயர்ப்பாளர் தீர்ப்பு எழுதிவிடுகிறார், தாம் எழுதியது தெரியாமலே. எது என்ன விதியோ அதை அப்படியே சொல்லலாம்: 35 கட்டுரை வரம்பு, ஏற்றுமதி அனுமதி, உரிமக் கட்டணம். பொதுப்பெயர் வேண்டிய இடத்தில் 'அரசு விதிகள்' போதும். விதி நல்லதா கெட்டதா என்பதைக் கட்டுரை வாதாடட்டும்.

கட்சிப் பெயர் ஒன்று பாக்கி. 1971இல் கொலராடோவில் தொடங்கிய அமெரிக்க லிபர்டேரியன் கட்சியையும் சிலர் தாராளவாதக் கட்சி என்று எழுதுகிறார்கள். குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று மற்ற இரண்டையும் தமிழில் எழுதுவதால் இதையும் தன்னுரிமைக் கட்சி என்று எழுதலாம். தாராளவாதக் கட்சி என்று எழுதினால் கனடாவில் இருக்கும் தமிழர்கள் ட்ரூடோ முன்பு தலைமை தாங்கிய லிபரல் கட்சி எப்போது எல்லை தாண்டி அமெரிக்காவுக்குப் போனது என்று கேட்பார்கள்.