சளி பிடித்தால் சிறுநீரையும் பாருங்கள்

காலையில் எழுந்ததும் இரண்டு கண்ணும் உப்பியிருக்கிறது, மத்தியானத்துக்குள் வடிந்துவிடுகிறது என்று சொல்லி, வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா தன் 4 வயது மகனைக் கூட்டி வந்தார். அதற்கு முன் இரண்டு வாரம் அலர்ஜி என்று கண்ணுக்குச் சொட்டு மருந்து, ராத்திரி ஒரு சிரப். அதற்கும் முன்பு சாதாரண சளி, இருமல். "நல்லா சதை போட்டுட்டான்னு பாட்டிக்கு ஒரே சந்தோஷம் மேடம்" என்றார். எடை 3 கிலோ கூடியிருந்தது. சாக்ஸைக் கழற்றி கணுக்காலை அழுத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சிறுநீரில் புரதம் 4 ப்ளஸ், அதாவது பரிசோதனைப் பட்டை காட்டும் மிக அதிக அளவு.

நெஃப்ராடிக் சிண்ட்ரோம். பெரும்பாலும் 2 முதல் 6 வயதுக்குள் தொடங்குகிற சிறுநீரகக் கோளாறு, ஆண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் அதிகம். நம் வீடுகளில் "யூரின்ல உப்பு போகுது" என்பார்கள். போவது உப்பு இல்லை, ஆல்புமின் என்ற புரதம். உப்பைக் கூட்ட வேண்டியதில்லை, குறைக்கத்தான் வேண்டும். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ் வேண்டாம். முட்டை, பருப்பை நிறுத்த வேண்டாம்.

"சளிக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்?" என்று அந்த அம்மா கேட்டார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. வைரஸ் நேராகப் போய் அவற்றைக் கடிப்பதில்லை. சளியை விரட்டக் கிளம்பிய உடம்பின் எதிர்ப்பு சக்தி, அந்த வடிகட்டிகளின் பிடியையும் தளர்த்திவிடுகிறது. டீ வடிகட்டியின் கண் பெரிதானால் தூள் டம்ளரில் விழும் அல்லவா, அப்படிப் புரதம் ஒழுகுகிறது. ரத்தத்தில் புரதம் குறைந்தால் நீர் கசிந்து கண் இமையிலும் காலிலும் வயிற்றிலும் தேங்கும். சிறுநீர் நுரைக்கும்.

அடுத்த கேள்வி எப்போதும் டயாலிசிஸ் பற்றியதுதான். 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்துக்கு நன்றாகக் கேட்கும். அப்படிக் கேட்கிற குழந்தைகளின் சிறுநீரகம் பெரும்பாலும் கெடுவதில்லை. வளர வளர அநேகம் பேர் இதிலிருந்து வெளியே வந்துவிடுகிறார்கள். முதல் முறை மருந்து 12 வாரம். முதல் 6 வாரம் தினமும், அடுத்த 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வீக்கம் வடிந்ததும், முகம் உருண்டையாகிறதே என்ற பயத்தில் பாதியில் நிறுத்துகிற வீடுகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறும். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் குழந்தையின் உடம்பு தாங்காது. நெருஞ்சில் கஷாயத்தால் இந்த ஒழுக்கு நிற்காது. நாள்தான் ஓடும்.

இந்த நோய் திரும்பி வரும் குணமுள்ளது. திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ் சளியே காரணமாக இருக்கும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வகுப்பில் ஒரு பிள்ளை தும்மினால் வாரக் கடைசிக்குள் பாதி வகுப்பு தும்மும். அதனால் என்னிடம் வரும் பெற்றோர் எல்லாரிடமும் ஒரு பழைய பள்ளி நோட்டு வாங்கச் சொல்வேன். சளி, காய்ச்சல் வந்தால் தினமும் காலையில் போகும் முதல் சிறுநீரில் பரிசோதனைப் பட்டையை நனைத்து, தேதி போட்டு எழுதுங்கள். ஒரு நாள் இரண்டு நாள் புரதம் வந்து தானாக நின்றுவிடுவதும் உண்டு. தொடர்ந்து 3 நாள் 3 ப்ளஸ் அல்லது அதற்கு மேல் என்றால் நோய் திரும்பிவிட்டது, டாக்டரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலோடு வயிறு வலித்தால் 3 நாள் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், உடனே கிளம்புங்கள். தேங்கிய நீரில் கிருமி தொற்றியிருக்கலாம்.

அம்மை விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். தெருவில், வகுப்பில், வீட்டில் யாருக்காவது சின்னம்மை போட்டால், தண்ணீர் ஊற்றும்வரை ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத வழக்கம் நம்மிடம் உண்டு. வேப்பிலை வையுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் ஸ்டீராய்டு சாப்பிடுகிற குழந்தை அம்மை போட்டவர் பக்கத்தில் இருந்திருந்தால், கொப்புளம் வருமா என்று காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குச் சொல்லுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு அம்மை உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கென்று இருக்கும் எதிர்ப்புப் பொருள் ஊசி (வழக்கமான அம்மைத் தடுப்பூசி அல்ல) முதல் சில நாட்களுக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

இந்த நோய் இல்லாத குழந்தைகளுக்கும் ஒன்று. வைரஸ் காய்ச்சலில் வாந்தி, பேதியும் சேர்ந்து உடம்பு வறண்டிருக்கும்போது ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்புகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும். ஓஆர்எஸ் கொடுங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை என்றாலோ, சிறுநீர் கோலா நிறத்தில் வந்தாலோ தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பணம் பற்றி யோசிக்காதீர்கள், எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

அந்த வியாசர்பாடிப் பையன் இப்போது இரண்டாம் வகுப்பு. போன மழைக்காலத்தில் ஒரு காலை அவன் அம்மா நோட்டைப் படம் எடுத்து அனுப்பினார். ட்ரேஸ் (துளியளவு), 3 ப்ளஸ், 3 ப்ளஸ், 3 ப்ளஸ். கீழே, "மூக்கு ஒழுகுது, முகம் வீங்கலை." அன்று மாலையே மருந்தைத் தொடங்கினோம். முந்தின வருஷம் இதே நோய்க்கு 9 நாள் வார்டில் படுத்தவன், இந்த முறை வீட்டிலேயே இருந்தான்.