திருட்டுத் தொலைக்காட்சிச் சேவைகளை நீதிமன்றம் முடக்குவது எப்படி?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கனடா உறவினர் சொன்னார் என்று, இணையவழியில் தொலைக்காட்சி அலைவரிசைகள் பார்க்க ஒரு பெட்டியையும் வருடச் சந்தாவையும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பேச்சு வாட்ஸ்அப்பில் முடிகிறது, பணம் யாரோ ஒருவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது, பற்றுச்சீட்டு கிடையாது. ஒரு நாள் அலைவரிசைப் பட்டியல் திரையில் அப்படியே நிற்கும். படம் மட்டும் வராது. உறவினரின் நாட்டில் இப்படி நடந்தால், அதற்கு நீதிமன்ற உத்தரவு காரணமாக இருக்கலாம்.

இணையவழித் தொலைக்காட்சி என்ற தொழில்நுட்பம் குற்றமன்று. ஸ்ரீலங்கா டெலிகொம்மின் பியோ டிவியும் அந்த வழியில்தான் வீட்டுக்கு வருகிறது. அலைவரிசையின் உரிமையாளர் அனுமதி கொடுத்தாரா என்பதுதான் கேள்வி.

கனடாவில் இப்படி முடக்க உத்தரவு கிடைத்த முதல் வழக்கு கோல்ட்டிவி என்ற திருட்டுச் சேவைக்கு எதிரானது. பெல், ரொஜர்ஸ், ரிவிஏ ஆகிய ஊடக நிறுவனங்கள் 2019இல் வழக்குத் தொடுத்தன. நடத்துநர்களின் பெயர் தெரியாது. நிறுத்தும்படி நீதிமன்றம் சொல்லியும் சேவை ஓடிக்கொண்டிருந்தது. எனவே 2019 நவம்பர் 15 அன்று சமஷ்டி நீதிமன்றம், குறிப்பிட்ட தள முகவரிகளை முடக்கும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. தவறு செய்தது அந்த நிறுவனங்கள் அல்ல. ஆனால் கதவைச் சாத்தக்கூடியவர்கள் அவர்கள்தான். அவற்றில் ஒன்றான டெக்சாவி மேன்முறையீடு செய்து 2021 மே மாதம் தோற்றது. 2022 மார்ச்சில் கனடிய உயர் நீதிமன்றமும் அதன் மனுவை ஏற்க மறுத்தது.

உத்தரவு கேட்டவுடன் கிடைத்துவிடவில்லை. வலுவான வழக்கு இருக்கிறதா, ஈடுசெய்ய முடியாத நட்டம் ஏற்படுகிறதா, முடக்கத்தால் சட்டபூர்வமான தளங்கள் பாதிக்கப்படுமா, செலவு யாருடையது என்றெல்லாம் நீதிபதி பார்த்தார். உத்தரவுக்கு இரண்டு வருட ஆயுள் விதித்தார். பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரும் அதை மாற்றக் கோரலாம் என்று எழுதினார். என் பார்வையில் இந்தக் கடைசி அம்சமே மிகப் பெரியது. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் சமூக ஊடகங்கள் இரவோடிரவாக முடக்கப்பட்டது நினைவிருக்கும். பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நிறைவேற்றியது. நீதிபதி எவரும் காரணம் எழுதவில்லை. ஏன் முடக்கினார்கள், யாரிடம் ஆட்சேபிப்பது என்பது தெரியாத முடக்கம் எந்த நோக்கத்துக்காக இருந்தாலும் ஆபத்தானது.

நேரடி விளையாட்டுக்கு முறை வேறு. ஒளிபரப்பைத் திருடுபவர்கள் சேர்வர்களை ஓயாமல் மாற்றுவதால், போட்டி நடக்கும்போதே புதிய முகவரிகளைக் கண்டுபிடித்து முடக்க வேண்டும். இங்கிலாந்தில் பிரீமியர் லீக் 2017இல் இத்தகைய உத்தரவு பெற்றது. கனடாவில் ஹொக்கிப் போட்டிகளுக்கு 2022 மே மாதம் கிடைத்தது.

இவ்வுத்தரவுகள் அந்தந்த நாட்டு இணைய நிறுவனங்களையே கட்டுப்படுத்தும். கொழும்பு இணைப்புக்கு அவை பொருந்தா. இங்கே பொருந்துவது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதில் தளங்களை முடக்குவதற்கென்று தனிப் பிரிவு கிடையாது. உரிமை மீறலைத் தடுக்க நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கலாம் என்ற பொதுவான 170ஆம் பிரிவு உண்டு. அத்தகைய வழக்குகளுக்கான இடம் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தையும் இதனோடு சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அது இணையத்தில் வெளியிடப்படும் கூற்றுகளைப் பற்றியது. பதிப்புரிமை அதன் விடயமன்று.

பெட்டியும் சந்தாவும் விற்பவருக்கு ஆபத்து கூடுதல். பதிப்புரிமையை வேண்டுமென்றே மீறுவது புலமைச் சொத்துச் சட்டத்தின் 178ஆம் பிரிவின்படி குற்றம். நீதவான் நீதிமன்றம் 5 இலட்சம் ரூபா வரை அபராதமோ, 6 மாதச் சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

வாங்கியவர் முதலில் இழப்பது பணத்தை. அலைவரிசை முடங்கினால் இணைய நிறுவனத்திடம் அந்தப் பணத்தைக் கேட்க முடியாது. விற்றவரின் பெயரும் முகவரியும் இல்லாமல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு கொடுப்பதும் கடினம். ஒரு வருடத்துக்குப் பணம் கட்டும் முன் நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள்.