மார்க் முழுசு, தட்டு தனி

போன வாரம் வந்தவருக்கு மூன்று மாத இருமல். சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி நிறைய. இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஃபைலைப் புரட்டினால் உள்ளே ஒரு கேள்வித்தாள். குடியேறி வந்தவர்களுக்குக் காசநோய் பற்றி எவ்வளவு தெரியும் என்று அளப்பதற்காக, போன வருடம் பதிவின்போது நாங்களே கொடுத்து வாங்கியது. பத்துக்குப் பத்து. ஓரத்தில் எங்கள் ஆள் ஒருவரின் கையெழுத்து: 'நல்ல விழிப்புணர்வு'.

வீட்டில் என்ன ஜாக்கிரதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். "இருமல் நிற்கவில்லை என்றதும் என் தட்டு, டம்ளர் எல்லாம் தனி டாக்டர்" என்றார், பெருமையாகவே. படுப்பது? "ஒரே ரூம்தான். மனைவி, மூன்று வயதுப் பொண்ணு. குளிருக்கு ஜன்னலைத் திறப்பதில்லை."

இந்தத் தட்டுக் கதையை எத்தனை முறைதான் கேட்பது! நுரையீரல் காசநோய் காற்றில் பரவுகிறது. நோயாளி இருமும்போது, பேசும்போதுகூட, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வெளியே வருகின்றன. மூடிய அறையில் அவை மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடி ஆழம் வரை போனால்தான் கிருமி தொற்றும். தட்டில் விழுந்தது மறுபடி எழும்பி மூக்குக்குள் போவதில்லை. கரண்டி, துண்டு, கைகுலுக்கல், கழிப்பறை எதிலும் தொற்றாது. தட்டைத் தனியாக வைத்தால் அவர் மனசு நோகும், அவ்வளவுதான். கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

சரி, அப்புறம் எப்படிப் பத்துக்குப் பத்து? 'எப்படிப் பரவும்? பொருந்துவதை எல்லாம் டிக் செய்யவும்' என்பது கேள்வி. மனிதர் காற்று, தட்டு, கைகுலுக்கல், பரம்பரை என்று ஒன்று விடாமல் டிக் செய்திருக்கிறார். காற்றுக்கு மார்க் விழுந்துவிட்டது. தப்பான டிக்குக்கு மைனஸ் கிடையாது. இப்படி அளந்தால் எல்லோரும் பாஸ்தான். அறிவு, மனப்பான்மை, நடைமுறை மூன்றையும் சேர்த்து அளக்க உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே கையேடு போட்டது. நாங்கள் முதலாவதோடு நின்றுவிட்டோம். யார் எங்கே தூங்குகிறார்கள் என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

மொழிபெயர்ப்பு இன்னொரு கூத்து. வயதான ஓர் அம்மா 'காசநோய் தெரியாது' என்று எழுதியிருந்தார். சயரோகம் என்றதும், தன் மாமியாருக்கு வந்ததை அரை மணி நேரம் சொன்னார். 'மறைந்திருக்கும் தொற்று' என்ற வரியைப் படித்துவிட்டு ஒருவர், "நான் எதையும் மறைக்கவில்லையே சார்" என்று பதறினார். விசா பயம் உள்ளவரிடம் அந்த வார்த்தையை நீட்டினால் வேறென்ன சொல்வார்?

கிருமி உடம்பில் தூங்கிக் கிடக்கும், நோய் இருக்காது. அந்த மறைந்திருக்கும் தொற்றைப் பற்றித்தான் உண்மையில் தெரிந்திருக்க வேண்டும். உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது இருக்கிறது. தூங்கும் கிருமி அவரிடமிருந்து யாருக்கும் பரவாது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது நோயாக எழும்பும். குடியேறியவர்களிடம் பெரும்பாலும் வந்த முதல் சில வருடங்களில். அதனால் 'வரும்போது எடுத்த எக்ஸ்ரே க்ளீன்' என்பது அன்றைய நிலவரம் மட்டும்தான். பிசிஜி தடுப்பூசி போட்டிருப்பதும் காப்பாற்றாது. அது குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோயைத் தடுக்கும், பெரியவர்களை நம்பும்படி காக்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? வாருங்கள். கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளை ஓட்டாதீர்கள். சாயங்காலக் காய்ச்சல், இரவில் வேர்வை, எடை குறைவு, கழுத்தில் கட்டி இருந்தாலும் அப்படியே. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவது அந்த மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம். விசா பற்றிய பயம் இருந்தால் அதை என்னிடமே கேளுங்கள், பக்கத்து ரூம்காரரிடம் வேண்டாம்.

அவருடைய பொண்ணுக்கு ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ், எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. நோயாக மாறாமலிருக்க மூன்று மாதத் தடுப்பு மருந்து தொடங்கியிருக்கிறோம். கிளம்பும்போது அவள் அம்மா கேட்டார்: "இவளுக்கும் தட்டு தனியா வைக்கணுமா டாக்டர்?"