ஜீவனாம்சம்: சொல்லும் பொருளும்

ஜீவனம் என்றால் பிழைப்பு, அம்சம் என்றால் பங்கு. இரண்டும் வடசொற்கள். ஒருவரின் பிழைப்புக்காக இன்னொருவரின் வருமானத்திலிருந்து சேரவேண்டிய பங்குதான் ஜீவனாம்சம். பங்கு என்பதால் அது உரிமை, தயவு அல்ல. சட்டத் தமிழில் 'பிழைப்பூதியம்' என்றும் எழுதுவார்கள். ஆனால் ஊதியம் என்றதும் இன்று சம்பளம்தான் நினைவுக்கு வருகிறது, அதனால் அந்தச் சொல் ஒட்டவில்லை.

பேச்சுவழக்கில் ஜீவனாம்சம் என்றால் விவாகரத்தான மனைவிக்குத் தரும் பணம், அவ்வளவுதான். பிள்ளைகள் அந்தச் சொல்லுக்குள் இருப்பதே பலருக்குத் தெரியாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டமோ உணவு, உடை, உறைவிடம், மருத்துவத்தோடு கல்வியையும் பராமரிப்பு என்றே சொல்கிறது.

சிக்கல் பதினெட்டு வயதில் வருகிறது. பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரும் நேரம், செலவு ஏறும் நேரம். அப்போதுதான் "மேஜர் ஆகிவிட்டான், இனி என் பொறுப்பில்லை" என்று தந்தை கையை விரிக்கிறார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் இருக்கும் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு, இரண்டுமே பதினெட்டைத் தாண்டிய மகனுக்கு, உடல் அல்லது மனக் குறைபாட்டால் பிழைக்க முடியாத நிலை இருந்தால்தான் வழி விடுகின்றன. திருமணமாகாத மகளுக்கு 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு கைகொடுக்கிறது: சொந்த வருமானத்தில் வாழ இயலாதவள் என்றால் வயது தடையில்லை. இதை 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மகனுக்கு அப்படி எழுதிவைத்த பிரிவு இல்லை. ஆனாலும் 2021இல் ஒரு வழக்கில், பதினெட்டோடு நிறுத்துவது இன்றைய நிலையில் போதாது என்று சொல்லி, மகன் முதல் பட்டப்படிப்பை முடிக்கும்வரை தந்தை பணம் தரவேண்டும் என்று அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. பதினெட்டாவது பிறந்தநாளன்று எந்தப் பிள்ளைக்கும் சம்பளம் வந்துவிடாது.

சரி, நல்ல தமிழ்ச் சொல் எது? மனைவிக்கானதை 'வாழ்க்கைப்படி' என்று சொல்லலாம். பயணப்படி, பஞ்சப்படி என்று பழகிய படிதான் இதுவும். பிள்ளைக்கு 'பராமரிப்புத் தொகை' பொருந்தும், கல்லூரிப் பிள்ளைக்கு 'கல்விப் பராமரிப்புத் தொகை' என்றே எழுதலாம். பரஸ்பர சம்மதத்தில் பிரிகிறவர்கள் ஒப்பந்தத்தில் வெறுமனே 'ஜீவனாம்சம்' என்று போட்டுவிட வேண்டாம். எந்தப் படிப்பு முடியும்வரை, கட்டணமும் விடுதிச் செலவும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.