14 நாள் ஆறாத புண்

கடலூர் முதுநகரில் பல் மருத்துவரைத் தேடி வருபவர்களில் பெரும்பாலோர் கடைவாய்ப் பல்லின் குடைச்சல் தாங்காமலோ, ஆடும் பல்லைப் பிடுங்கிக்கொள்ளவோ வருகிறார்கள். கவனமான மருத்துவர் வலிக்கும் பல்லைப் பார்த்து முடித்ததும், நாக்கின் நுனியைக் காஸ் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து அதன் விளிம்பைப் பார்ப்பார். நாக்கின் அடிப்புறம், கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகியவற்றையும் பார்த்துவிட்டுக் கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். சில நிமிட வேலைதான். வாய்ப்புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதால், வலிக்காத இடங்களைப் பார்க்கும் இந்தச் சில நிமிடங்களுக்கு மதிப்பு அதிகம்.

வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலம் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக அமைந்தது. வாயில் தோன்றும் புற்றுநோய்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இந்தச் செல்களிலிருந்தே தொடங்குகின்றன. அந்தப் படலத்துக்குள் இரத்தக் குழாய்கள் கிடையாது, அதன் அடியில் மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. சீர்கெட்ட செல்கள் அந்தச் சவ்வைத் தாண்டாதவரை, கழுத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் பரவ அவற்றுக்கு வழியில்லை. தாண்டுவதற்கு முன்பே படலம் தடித்தால், எச்சிலில் ஊறிய மேற்பரப்பு ஒளியைச் சிதறடிப்பதால் வெண்திட்டாகத் தெரியும். மெலிந்தால், அடியிலுள்ள இரத்தக் குழாய்கள் தெரிவதால் செந்திட்டாகும். வெண்திட்டுகளில் பெரும்பாலானவை புற்றுநோயாக மாறுவதில்லை, ஆனால் வழித்தாலும் அகலாத திட்டைக் கண்காணிக்காமல் விடக்கூடாது. செந்திட்டு அரிதானது, அதைவிட ஆபத்தானதும்கூட.

புண்ணாக இருந்தால் கணக்கு வேறு. கூரான பல் உரசியோ, சூடான காபி பட்டோ உண்டான புண் பொதுவாக இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும், ஏனெனில் வாயின் படலம் தோலைவிட விரைவாகத் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஆகவே மருத்துவர் அந்தக் கூர்முனையைத் தேய்த்துவிட்டு, 14 நாள் கழித்து வரச் சொல்கிறார். காரணம் நீங்கிய பின்னும் ஆறாமல், விளிம்பு தடித்து, தொட்டால் கெட்டியாக இருக்கும் புண்ணையே அவர் சந்தேகிக்கிறார். நம்மவர்களில் பலர் "சூட்டுப் புண்" என்று மோர் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் கடத்திவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

எங்கே தேட வேண்டும் என்பதற்குப் பழக்கமே வழிகாட்டுகிறது. புகையிலையைக் கன்னத்தில் அடக்கி வைப்பவருக்கு, அது தங்கும் கடைவாய்ப் பள்ளத்தில்தான் பெரும்பாலும் மாற்றம் தோன்றுகிறது. "புகையிலை போடுவதில்லை, வெறும் சீவல்தான்" என்பவரும் தப்பியவர் அல்லர்: பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரிக்கோலின் கன்னத்தின் உட்படலத்துக்கு அடியில் நார்த்திசுவைப் பெருகச் செய்வதால், முதலில் மீன்குழம்பின் காரம் தாங்காமல் எரியும், பிறகு வாயைத் திறப்பதே சுருங்கிவரும்.

வெறும் கண்ணால் பார்ப்பது போதுமா என்ற ஐயம் நியாயமானதே. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் வாயைக் கண்ணால் பரிசோதித்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு, பரிசோதனை நடக்காத பகுதிகளோடு ஒப்பிட 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியான முடிவு தெரிவித்தது.

எனினும் கண் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது. அதற்கு பயாப்சி, அதாவது சிறு சதைத் துண்டை எடுத்துச் சோதிப்பது, வேண்டும். புதுச்சேரி ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளுக்கு அனுப்பப்படுவதும் இதற்காகத்தான். "கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அஞ்சி இந்த இடத்தில் பின்வாங்குபவர்கள் பலர். மரத்துப்போக ஊசி போட்டு எடுக்கப்படும் சில மில்லிமீட்டர் சதையால் நோய் பரவுவதில்லை, அந்த அச்சத்தால் கழியும் மாதங்களில்தான் அது வளர்கிறது. எடுத்த சதையைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் இட்டு, மெழுகில் பதித்து, மிக மெல்லிய சீவல்களாக வெட்டிச் சாயமேற்றுகிறார்கள். செல்கள் படலத்தின் அடியிலுள்ள அந்தச் சவ்வைத் தாண்டிவிட்டனவா, தாண்டியிருந்தால் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் வரை என்பதையே நோய்க்குறியியலாளர் நுண்ணோக்கியில் தேடுகிறார்.