சம்பளச் சீட்டில் பூஜ்யம்: அமெரிக்க அரசு எப்படி முடங்குகிறது?

2019 ஜனவரி இரண்டாவது வாரம். அமெரிக்காவில் விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் ஊழியர்கள் பலருக்கு வந்த சம்பளச் சீட்டில், கைக்கு வரும் தொகை 0 என்று இருந்தது. வானத்தில் விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். ஒழுங்காக வேலையும் பார்த்திருந்தார்கள்.

கஜானா காலியாகிவிடவில்லை. அதிலிருந்து பணத்தை எடுக்கத்தான் அனுமதி இல்லை. சட்டம் போட்டு ஒதுக்காமல் ஒரு டாலரைக்கூட எடுக்கக் கூடாது என்கிறது அந்நாட்டு அரசியல் சாசனம். நிதியாண்டு அக்டோபர் 1-இல் பிறக்கிறது. அதற்குள் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேற வேண்டும். எல்லா ஒதுக்கீட்டு மசோதாக்களும் நேரத்துக்கு நிறைவேறியது கடைசியாக 1996-இல்! அதற்குப் பிறகு வருடா வருடம் சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ இடைக்கால ஒதுக்கீடு போட்டு ஒப்பேற்றுகிறார்கள். அதற்கும் மேலவையான செனட்டில் 100-க்கு 60 வாக்கு வேண்டும். ஆளும் கட்சியிடம் பெரும்பாலும் அத்தனை இடங்கள் இருப்பதில்லை. எதிர்க்கட்சியின் பிடி அங்கேதான். இடைக்கால ஒதுக்கீடும் கிடைக்காவிட்டால் அரசு அலுவலகங்களைப் பூட்டுகிறார்கள். இதுதான் முடக்கம்.

சரி, ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகத்தை ஏன் பூட்ட வேண்டும்? 1980 வரை பூட்டியதில்லை. செலவைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு, பணம் எப்படியும் வரும் என்று வேலை நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டு அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலாக இருந்த பெஞ்சமின் சிவிலெட்டி, 19-ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றைக் கறாராகப் படித்தார். ஒதுக்கீடு இல்லாமல் செலவுக்குப் பொறுப்பேற்கக் கூடாது, ஊழியர்கள் தாமாக முன்வந்து இலவசமாக உழைப்பதையும் ஏற்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் அது. அப்படியானால் மூடித்தான் ஆக வேண்டும் என்றார். மறு ஆண்டு, உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளுக்கு விலக்கு தந்தார். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஊழியர் அலுவலக மின்னஞ்சலைத் திறந்து பதில் போட்டாலும் தப்பாகிவிடுவது அந்தச் சட்டத்தால்தான். விமானக் கட்டுப்பாட்டாளர்கள் சம்பளமில்லாமல் வரவேண்டியிருப்பது அந்த விலக்கினால்.

இந்தியா, பிரிட்டன் போன்ற நாடாளுமன்ற முறையில் பட்ஜெட் தோற்றால் ஆட்சியே போய்விடும். அமெரிக்காவில் அதிபரும் அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர்களும் அவரவர் நாற்காலியிலேயே இருப்பார்கள். அவர்களுக்குச் சம்பளமும் நிற்காது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

சம்பளச் சீட்டில் பூஜ்யம் காட்டிய அந்த முடக்கம், மெக்சிகோ எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டதில் தொடங்கி 35 நாள் நீடித்தது. சுமார் 8 லட்சம் ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. ஜனவரி 25 அன்று வர்ஜீனியா, ஃபுளோரிடா கட்டுப்பாட்டு மையங்களில் சுமார் பத்துப் பேர் வேலைக்கு வரவில்லை. நியூயார்க் லகார்டியா விமான நிலையத்துக்கு வரவேண்டிய விமானங்களைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தார்கள். முடக்கத்தை முடித்துக்கொள்வதாக டிரம்ப் அறிவித்தது அதே நாளில். பொருளாதாரத்துக்குத் திரும்பக் கிடைக்காத இழப்பு மட்டும் 300 கோடி டாலர் என்று காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் கணக்கிட்டது.

அந்த முடக்கத்தின் நடுவிலேயே, 2019 ஜனவரியில் ஒரு சட்டம் வந்தது. முடக்கம் முடிந்ததும் அரசு ஊழியர்களுக்கு நிலுவைச் சம்பளம் உறுதி என்றது. அரசுக் கட்டடங்களில் தரை துடைப்பவர்கள், காவலுக்கு நிற்பவர்கள், கேன்டீனில் பரிமாறுபவர்கள் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். அவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. 2025 அக்டோபர் 1-இல் மருத்துவக் காப்பீட்டு மானியத் தகராறில் அரசு மறுபடி முடங்கியது. இந்த முறை 43 நாள். ஒப்பந்த ஊழியர்களுக்கு அப்போதும் எந்த உத்தரவாதமும் இல்லை.