‘எத்தனை மணிக்குப் போவீர்கள்?’: வாக்காளரை வீட்டிலிருந்து கிளப்பும் அறிவியல்

2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பிரைமரி தேர்தல் நடந்தது. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தல் அது. பெரிய பரபரப்பு இருக்காது, கூட்டமும் வராது. தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு சுமார் 20,000 வீடுகளுக்கு ஒரு கடிதம் போனது. அதில் ஒரு சின்ன அட்டவணை. அந்த வீட்டில் இருப்பவர்களின் பெயர்களும், அக்கம்பக்கத்து வீட்டாரின் பெயர்களும் வரிசையாக அச்சாகியிருந்தன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு கட்டங்கள். ஒன்று 2004 ஆகஸ்ட் தேர்தலுக்கு, மற்றது 2004 நவம்பர் தேர்தலுக்கு. வாக்களித்திருந்தால் ‘வாக்களித்தார்’ என்று இருக்கும், இல்லாவிட்டால் கட்டம் காலியாகக் கிடக்கும். தேர்தல் முடிந்ததும் புதிய அட்டவணை ஒன்றை உங்களுக்கும் உங்கள் அண்டை வீட்டாருக்கும் அனுப்புவோம் என்றும் கடிதம் சொன்னது.

அமெரிக்காவில் ஒருவர் யாருக்கு வாக்களித்தார் என்பது ரகசியம். ஆனால் வாக்களித்தாரா இல்லையா என்பது பொது ஆவணம். அதனால்தான் இப்படி ஒரு கடிதம் சாத்தியமாயிற்று. எழுதியவர்கள் ஆலன் கெர்பர், டொனால்டு கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்கள். மக்களை வாக்களிக்க வைப்பது எது என்பதை ஒரு புதிய மருந்தைச் சோதிப்பது போலச் சோதித்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,80,000 வீடுகள். எந்த வீட்டுக்கு எந்தக் கடிதம் என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். பெரும்பகுதி வீடுகளுக்குக் கடிதமே போகவில்லை. மற்றவற்றுக்கு நான்கு வகைக் கடிதங்களில் ஒன்று போனது.

கடிதமே வராத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ‘வாக்களிப்பது குடிமக்களின் கடமை’ என்று மட்டும் சொன்ன கடிதம் பெற்றவர்களில் 31.5 சதவீதம். இந்தத் தேர்தலில் நீங்கள் வாக்களிக்கிறீர்களா என்று ஆய்வாளர்கள் கவனிக்கிறார்கள் என்று சொன்ன கடிதத்துக்கு 32.2. சொந்த வீட்டாரின் பழைய கணக்கை மட்டும் காட்டியதற்கு 34.5. பக்கத்து வீட்டாருக்கும் தெரியப்போகிறது என்ற அந்த அட்டவணைக்கு 37.8.

கடமையைப் பற்றிய போதனை 100 பேரில் இரண்டு பேரைக்கூட முழுசாக எழுப்பவில்லை. பக்கத்து வீட்டாரின் கண் எட்டுப் பேரை எழுப்பியது. ஒற்றைத் தாள் கடிதத்துக்கு இது மிகப் பெரிய விளைவு. இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தைப் பெற்ற பலர் கோபப்பட்டார்கள். என் பெயரை ஊருக்குக் காட்ட நீ யார் என்ற கோபம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். தேர்தல் பணியில் இருப்பவர்கள் இதை அப்படியே நகலெடுக்கக் கூடாது. கோஸ்டாஸ் பனகோபௌலோஸ் என்ற ஆய்வாளர் இதையே மென்மையாகச் செய்து பார்த்தார். போன தேர்தலில் வாக்களித்ததற்கு நன்றி என்று ஓர் அஞ்சலட்டை, அவ்வளவுதான். அதுவும் வேலை செய்தது. என்னை யாரோ கவனித்திருக்கிறார்கள் என்ற உணர்வு போதும், அவமானம் தேவையில்லை.

ஏன் இத்தனை பாடு? பொருளியல் கண்ணோடு பார்த்தால் வாக்களிப்பது ஒரு புதிர். 1957இல் பொருளியலாளர் ஆந்தனி டவுன்ஸ் இதைத் தெளிவாக முன்வைத்தார். என் ஒரு வாக்கால் முடிவு மாறும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. வரிசையில் நிற்கும் நேரமோ உறுதியான செலவு. கணக்குப் பார்த்தால் யாரும் போகவே மாட்டார்கள். எப்போதாவது அந்த அரிய நிகழ்வு நடந்தும் விடுகிறது. 2017இல் வர்ஜீனியா மாநில சட்டமன்றத்தின் 94ஆவது தொகுதியில் இரண்டு வேட்பாளர்களும் ஆளுக்கு 11,608 வாக்குகள் பெற்றார்கள். கிண்ணத்தில் பெயர்களைப் போட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்த ஒரு தொகுதிதான் அவையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதையே தீர்மானித்தது. ஆனால் இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்து யாரும் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை. போகிறவர்கள் போவதற்குக் காரணம் வேறு. நான் இந்த ஊரைச் சேர்ந்தவன், இங்கே நடப்பதில் எனக்குப் பங்கு உண்டு என்ற உணர்வு அது. தனி மனிதக் கணக்கில் வராத அந்த உணர்வை எது தட்டி எழுப்புகிறது என்பதே இந்த ஆய்வுகளின் கேள்வி.

கேள்வி பழையது. 1924இலேயே ஹெரால்டு கோஸ்னெல் என்ற அரசியல் அறிவியலாளர் சிகாகோவில் சில ஆயிரம் பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நினைவூட்டும் தபால் அனுப்பிப் பார்த்தார். பிறகு பல பத்தாண்டுகள் இந்தத் துறை பெரும்பாலும் கருத்துக்கணிப்புகளையே நம்பியிருந்தது. கருத்துக்கணிப்பில் ஒரு சிக்கல் உண்டு. வாக்களிக்காதவர்களும் வாக்களித்தேன் என்பார்கள். 1998இல் கெர்பரும் கிரீனும் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் மீண்டும் களப்பரிசோதனையில் இறங்கினார்கள். பதிலை நம்பாமல் அரசுப் பதிவேட்டையே பார்த்தார்கள். நேரில் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிப் பேசியது தெளிவாகப் பலன் தந்தது. தபால் கொஞ்சமே உதவியது. கூலிக்கு ஆள் வைத்துத் தொலைபேசியில் ஒப்பித்தது எதையும் மாற்றவில்லை. தொலைபேசியே வீண் என்று இதற்குப் பொருளில்லை. அவசரமில்லாமல், கேட்பவரின் பதிலைக் காது கொடுத்துக் கேட்டுப் பேசும் தன்னார்வலரின் அழைப்பு பலிக்கிறது என்று டேவிட் நிக்கர்சனின் பிந்தைய ஆய்வுகள் காட்டின. பதிவுசெய்த குரல் பேசும் அழைப்புகளை எடுத்த வேகத்தில் வைத்துவிடும் நமக்கு இது வியப்பாக இருக்காது.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது நிக்கர்சனும் டாட் ராஜர்ஸும் 2008இல் செய்தது. ஒபாமாவும் ஹிலாரி கிளிண்டனும் மோதிய ஜனநாயகக் கட்சியின் பென்சில்வேனியா பிரைமரி. பரிசோதனையில் இருந்தவர்கள் 2,87,228 பேர். ஒரு பிரிவினருக்கு ‘தேர்தல் வருகிறது, வாக்களியுங்கள்’ என்ற வழக்கமான அழைப்பு. இன்னொரு பிரிவினரிடம் ‘வாக்களிப்பீர்களா?’ என்றும் கேட்டார்கள். மூன்றாவது பிரிவினரிடம் அதற்கு மேல் மூன்று கேள்விகள். எத்தனை மணிக்குப் போவீர்கள்? எங்கிருந்து கிளம்புவீர்கள்? அதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்?

முதல் இரண்டு வகை அழைப்புகளால் பெரிய மாற்றம் இல்லை. அந்த மூன்று கேள்விகள் மட்டும், அழைப்பை எடுத்துப் பேசியவர்களிடம் வாக்களிப்பை 4.1 சதவீதப் புள்ளிகள் உயர்த்தின. வீட்டில் வாக்காளர் ஒருவர் மட்டுமே இருந்த இடங்களில் உயர்வு 9.1. காரணத்தை ஊகிப்பது எளிது. நான்கு பேர் இருக்கும் வீட்டில் ‘அண்ணே, நீங்க எப்போ போறீங்க, சேர்ந்தே போயிடலாமா?’ என்ற பேச்சு எப்படியும் நடந்துவிடும். தனியாக இருப்பவரிடம் அதைக் கேட்க யாரும் இல்லை. தொலைபேசியில் வந்த முகம் தெரியாதவர் அந்த இடத்தை நிரப்பினார்.

இதன் பின்னே உள்ள மனவியலைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் முன்பே விளக்கியிருக்கிறார். ‘செய்ய வேண்டும்’ என்ற எண்ணம் வேறு, ‘இந்த இடத்தில், இந்த நேரத்தில், இது முடிந்ததும் செய்வேன்’ என்ற திட்டம் வேறு. முன்னது நினைவை நம்பி நிற்கிறது. பின்னது சூழலில் கொக்கி போட்டுக்கொள்கிறது. காலைக் காபியைக் குடித்து முடித்ததும் கிளம்புவேன் என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அன்று காலி டம்ளரே அவருக்கு நினைவூட்டும். வாக்களிக்காத பலருக்கு வாக்களிக்க விருப்பம் இல்லாமல் இல்லை. அந்த நாள் எப்படியோ கழிந்துவிடுகிறது.

நாம் பரவலாகச் செய்யும் ஒரு தவறும் இங்கே பிடிபடுகிறது. ‘யாருமே வாக்களிப்பதில்லை, வெட்கக்கேடு’ என்று திட்டுவது. கெர்பரும் ராஜர்ஸும் நியூ ஜெர்சியிலும் கலிபோர்னியாவிலும் செய்த ஆய்வில், வாக்குப்பதிவு குறைவு என்று கேட்டவர்களைவிட, ஏராளமானோர் வாக்களிக்கப் போகிறார்கள் என்று கேட்டவர்களே வாக்களிக்கும் உறுதியை அதிகம் வெளிப்படுத்தினார்கள். எப்போதாவது மட்டும் வாக்களிப்பவர்களிடம் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் தாண்டியது, மத்திய சென்னை 54-ஐ ஒட்டி நின்றது. இதை வைத்துச் சென்னைக்காரர்களை ஒவ்வொரு தேர்தலிலும் கேலி செய்கிறோம். கேலியைக் கேட்கும் சென்னைக்காரருக்குப் போய்ச் சேரும் செய்தி, ‘இங்கே பாதிப் பேர் போவதில்லை, நீயும் போகாவிட்டால் பரவாயில்லை’ என்பதுதான். எங்கள் தெருவில் காலை ஏழு மணிக்கே வரிசை நின்றது என்று சொல்லிப் பாருங்கள், அது வேறு விதமாகப் போய்ச் சேரும்.

வாக்களிப்பது தொற்றும் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2002இல் டென்வர், மினியாபொலிஸ் நகரங்களில் இரண்டு வாக்காளர்கள் இருக்கும் வீடுகளின் கதவைத் தட்டச் செய்தார் நிக்கர்சன். கதவைத் திறந்தவரிடம் சில வீடுகளில் வாக்களிப்பது பற்றியும், சில வீடுகளில் குப்பை மறுசுழற்சி பற்றியும் பேசினார்கள். வாக்களிப்பது பற்றிப் பேசிய வீடுகளில், கதவைத் திறந்தவரிடம் ஏற்பட்ட விளைவில் சுமார் 60 சதவீதம், உள்ளே இருந்த மற்றவருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. 2010 நவம்பரில் ஃபேஸ்புக் 6.1 கோடிப் பேரை வைத்துச் செய்த சோதனையும் இதையே சொன்னது. ‘இன்று தேர்தல் நாள்’ என்ற வெறும் அறிவிப்பு எதையும் அசைக்கவில்லை. ஏற்கெனவே வாக்களித்த நண்பர்களின் முகங்கள் சேர்ந்த அறிவிப்பு அசைத்தது. அதிலும் நெருங்கிய நண்பர்கள் வழியாகப் பரவியதே பெரும்பங்கு.

இனி முன்கூட்டிய வாக்குப்பதிவுக்கு வருவோம். அமெரிக்காவில் நவம்பரின் முதல் திங்களை அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தேர்தல் என்று 1845இல் சட்டம் வந்தது. இன்றும் அதே செவ்வாய்தான், பெரும்பாலானவர்களுக்கு அது வேலை நாள். அதனால் பல மாநிலங்கள் வாக்களிக்கும் நாட்களை முன்னே நீட்டின. முன்கூட்டியே திறக்கும் மையத்துக்கு நேரில் போகலாம், அல்லது வாக்குச்சீட்டைத் தபாலில் பெற்று நிரப்பி அனுப்பலாம். தபாலில் அனுப்பும்போது வெளி உறையில் வாக்காளர் கையெழுத்திட வேண்டும். பல மாநிலங்களில் அதைப் பதிவேட்டில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுகிறார்கள். பென்சில்வேனியாவில் ரகசிய உறை என்று உள்ளே இன்னொரு உறையும் உண்டு. அதில் போடாமல் அனுப்பினால் வாக்கு செல்லாது. கோவிட் ஆண்டான 2020இல் 10 கோடிக்கும் மேற்பட்டோர் தேர்தல் நாளுக்கு முன்பே வாக்களித்துவிட்டார்கள்.

நாட்கள் கூடினால் வாக்குப்பதிவும் கூடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 2014இல் பாரி பர்டனும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து சகாக்களும் வெளியிட்ட ஆய்வு அதற்கு எதிராக வந்தது. முன்கூட்டிய வாக்குப்பதிவை மட்டும் தனியாகக் கொண்டுவந்த இடங்களில் வாக்குப்பதிவு சற்றுக் குறைந்தே இருந்தது. அவர்கள் தந்த விளக்கம் இது. தேர்தல் நாள் என்ற ஒரே நாளின் பரபரப்பு, அதாவது தெருவில் நடமாட்டம், அலுவலகத்தில் ‘போட்டாச்சா?’ என்ற விசாரிப்பு, கட்சிக்காரர்களின் ஓட்டம், எல்லாம் பல நாட்களில் பிரிந்து நீர்த்துப்போகிறது. எப்படியும் போகிறவர்கள் வசதியாக முன்பே போகிறார்கள். தயங்குகிறவரைத் தள்ளிவிட அன்று ஆளில்லை. அந்த நாளிலேயே பெயரைப் பதிவுசெய்து வாக்களிக்கும் வசதியும் சேர்ந்திருந்த இடங்களில் இந்தச் சரிவு ஈடுகட்டப்பட்டது. விண்ணப்பிக்காமலே எல்லா வீட்டுக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வரும் முறையை கலிபோர்னியா, யூட்டா, வாஷிங்டன் மாநிலங்களில் ஆராய்ந்த 2020 ஆய்வு சுமார் இரண்டு சதவீதப் புள்ளி உயர்வைக் கண்டது. மேசைமேல் கிடக்கும் சீட்டே ஓர் ஆள் போல நினைவூட்டுகிறது என்பது என் கணிப்பு.

ஆக, கூடுதல் நாட்கள் தாமாக யாரையும் கொண்டுவருவதில்லை, அவற்றைப் பயன்படுத்த ஆட்கள் வேண்டும். ஆட்கள் இருந்தால் அந்த நாட்கள் எப்படி உதவுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வாக்களித்தவர்களின் பட்டியல் தேர்தலுக்கு முன்பே பல மாநிலங்களில் கட்சிகளுக்குக் கிடைக்கிறது. பெயர் பட்டியலில் ஏறியதும் அவருக்கு வரும் அழைப்புகள் நிற்கத் தொடங்கும். தன்னார்வலரின் நேரம் இன்னும் வாக்களிக்காதவர் பக்கம் திரும்பும். உறுதியான வாக்காளர் ஒருவர் முதல் வாரத்திலேயே போய்விட்டால், தயங்கும் ஒருவருக்காக ஒரு தன்னார்வலரின் சில நிமிடங்களை விடுவித்துத் தருகிறார். நம் ஊர் பூத் ஏஜென்ட்கள் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே வந்து, மதியத்துக்கு மேல் ‘இன்னும் வராதவங்க வீட்டுக்கு ஆள் அனுப்பு’ என்று சொல்வதும் இதே கணக்கைத்தான் ஒரே பகலுக்குள் சுருக்கிச் செய்வது.

இந்தியாவில் பொதுவான வாக்காளருக்கு முன்கூட்டிய நாட்கள் கிடையாது. 85 வயது கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத உடல் குறைபாடு உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். அதற்குத் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாட்களுக்குள் 12டி படிவம் தர வேண்டும். உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், அந்த ஐந்து நாட்களில் யாராவது படிவத்தை நிரப்பித் தந்தால்தான் உண்டு. மற்றவர்களுக்கு ‘முன்கூட்டியே’ என்பது காலை ஏழு மணிதான். அந்நேரம் போனவருக்குப் பெயர் வேறு சாவடியில் இருக்கிறது என்று தெரியவந்தாலும், அடையாள அட்டை மறந்துபோயிருந்தாலும், ஆதார் போன்ற மாற்று ஆவணம் எடுத்துவர வீட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தாலும், முழுப் பகலும் கையில் இருக்கிறது. மாலை வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் தருவார்கள், அவர்கள் எத்தனை பேரானாலும் வாக்களித்துவிட்டுத்தான் போவார்கள். ஆனால் அந்த நேரத்தில் தவறான சாவடியின் வரிசையில் நிற்பவருக்கு, சரியான சாவடிக்கு ஓடிப்போய்ச் சேர நேரம் இருக்காது.